தூதும் மாலையும்: மின்னஞ்சற் சோதனை பற்றிய ஒரு நோக்கு

2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை. அன்று பூரணை விடுமுறை நாளுமாகும். இலங்கையில் அப்பொழுது வழங்கிய நேரப்படி காலை 6.58க்குச் சுமாத்திராவின் மேற்குக் கரைக்கு அப்பால் கடலடி நிலம் நடுங்கிற்று. ஹவாயில் அமைந்துள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் காலை 7.14க்குத் தன் முதலாவது அறிவித்தலை வெளியிட்டது. நடுக்கத்தின் அளவு 8.0 என்றும், பசிபிக் கரைகளுக்கு ஆபத்தில்லை என்றும் அது கூறிற்று. 8.04க்கு வெளியான இரண்டாவது அறிவித்தல் அளவை 8.5 என உயர்த்தி, நடுக்கம் தோன்றிய இடத்துக்கு அண்மையில் பேரலை எழக்கூடும் என்றது. இலங்கையின் கிழக்குக் கரையை முதலலை அடைந்தபோது எட்டரை மணி கடந்திருந்தது.

புல்மோட்டை, குச்சவெளி, நிலாவெளி, கிண்ணியா, மூதூர் எனத் திருகோணமலைத் துறைமுகத்தின் இருபுறமும் நீண்டுகிடக்கும் கரையோரத்தில் எவருக்கும் அந்த அறிவித்தல்களில் ஒன்றேனும் எட்டவில்லை. மாவட்டத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோரும், நாடு முழுவதிலும் 30,000க்கு மேற்பட்டோரும் மாண்டனர். இங்கு மனங்கொள்ள வேண்டிய உண்மை ஒன்றுண்டு. அனுப்பும் இயந்திரம் அன்று பழுதுபடவில்லை. அனுப்பவேண்டிய பட்டியலில் உள்ளவர்களுக்குச் செய்தி உரிய நேரத்தில் அனுப்பப்பட்டது. இந்துமா கடற்கரை நாடுகளுக்கென ஓர் எச்சரிக்கை ஒழுங்கு இருக்கவில்லை. ஆகவே அந்நாடுகள் பலவற்றின் முகவரிகளும் பட்டியலில் இருக்கவில்லை. அன்றைய முறைமையை அனுப்புநர் பக்கத்திலிருந்து மட்டும் சோதித்திருந்தால், அது எல்லாச் சோதனைகளிலும் சித்தியடைந்திருக்கும்.

ஒரு வலைச்செயலி மின்னஞ்சல்களைச் சரிவர அனுப்புகின்றதா என்பதை எவ்வாறு சோதிப்பது என்ற கேள்வி, மேலெழுந்தவாரியாக நோக்குமிடத்து, கணினித் தொழிலாளரின் அன்றாடப் பணிகளுள் ஒன்று மட்டுமே. கடவுச்சொல்லை மறந்தவருக்குச் செல்லும் மடல், பற்றுச்சீட்டு, பரீட்சை முடிவு என்பன போய்ச் சேர்கின்றனவா என்று பார்ப்பதே அப்பணி. ஆயின் இதே நுட்பமும் இதே நெறிமுறைகளுமே இன்று பேரிடர் எச்சரிக்கைகளையும் சுமந்து செல்கின்றன. எனவே 'சரிவர' என்னும் சொல்லின் பொருள் யாது, அதை வரையறுப்பவர் யார் என்னும் வினாக்கள் சமூக வினாக்களும் ஆகின்றன. இக்கட்டுரை அந்நுட்பத்தைப் படிப்படியாக விளக்கி, ஒவ்வொரு படியிலும் சோதனை எங்கே நின்றுவிடுகின்றது என்பதைத் திருகோணமலைக் கரையோரத்தை முன்வைத்து ஆராய முயல்கின்றது.

1. தூது மரபு தரும் அளவுகோல்

தமிழிலக்கிய மாணவருக்குச் செய்தி அனுப்புதல் பற்றிய சிந்தனை புதியதன்று. திருக்குறளின் 69ஆம் அதிகாரம் தூது பற்றியது. உரைமரபு தூதுவரை மூவகைப்படுத்தும். சூழ்நிலை அறிந்து தானே வகுத்துக் கூறுபவன் தலையானவன். கூறியதைக் கூறுபவன் இடையானவன். ஓலையைக் கொடுத்து நிற்பவன் கடையானவன். மின்னஞ்சல் இம்மூன்றாம் வகையைச் சேர்ந்தது. ஓலை உரியவன் கையை அடைந்ததா, அவன் அதைப் படித்தானா, அவனுக்கு விளங்கிற்றா என்பன அதன் பொறுப்புக்கு அப்பாற்பட்டவை.

இத்துடன் ஒப்பு நோக்கத்தக்கது சிற்றிலக்கிய வகையான தூது. தலைவி கிளியையோ அன்னத்தையோ நெஞ்சையோ தூது விடுகின்றாள். செய்தியைச் சொல்லிவிட்டு வா என்பதுடன் அவள் நிறுத்துவதில்லை. தலைவனின் மாலையை வாங்கிவா என்றும் கேட்கின்றாள். செய்தி உரிய இடத்தை அடைந்தது, கேட்கப்பட்டது, ஏற்கப்பட்டது என்ற மூன்றுக்கும் அம்மாலையே சான்று. மாலை வந்தாலன்றித் தூது நிறைவேறியதாகக் கொள்ளப்படுவதில்லை. திருகோணமலைக்கும் இம்மரபில் ஓர் உரிமையுண்டு. 'மோகனாங்கி' (1895) நாவலின் ஆசிரியராகிய திருகோணமலை த. சரவணமுத்துப்பிள்ளை, 1892இல் 'தத்தைவிடு தூது' என்னும் நூலை வெளியிட்டார். பழைய வடிவத்தைப் பெண்விடுதலைக் கருத்துக்கு அவர் பயன்படுத்தினார். தானே சென்று பேச இயலாதவாறு அடைக்கப்பட்டவளுக்கே தூது தேவைப்படுகின்றது என்ற சமூக உண்மையை அந்நூல் உணர்த்துகின்றது எனலாம்.

அனுப்பியது முதல் மாலை கைக்கு வருவது வரையுள்ள முழுத் தூரத்தையும் அளப்பதே முழுமையான சோதனை. இவ்வளவுகோலைக் கையிற் கொண்டு இன்றைய நடைமுறையை நோக்குவோம்.

2. முதற்படி: செய்தி உருவாதல்

வலைச்செயலி மின்னஞ்சலை ஒவ்வொரு தடவையும் புதிதாக எழுதுவதில்லை. முன்னரே அமைக்கப்பட்ட ஒரு வார்ப்பில் பெயர், இடம், நேரம், எண் என்பவற்றை இட்டு நிரப்புகின்றது. சோதனையின் முதற்படி இந்நிரப்புகையைச் சரிபார்ப்பதாகும். இதற்கு மடலை உண்மையாக வெளியே அனுப்பவேண்டியதில்லை. ஜாங்கோ, ரெயில்ஸ் முதலிய செயலிச் சட்டகங்களில் சோதனை நடைபெறும்போது அஞ்சல் வெளியே செல்லாது. கணினியின் நினைவகத்திலுள்ள ஒரு பட்டியலில் வந்து சேரும். சோதனை நிரல் அப்பட்டியலைத் திறந்து, எத்தனை மடல்கள் உருவாயின, யாருக்கு உருவாயின, தலைப்பு யாது, உடலில் எதிர்பார்த்த சொற்கள் உள்ளனவா என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். இதற்கு அடுத்த நிலையில், வருவனவற்றையெல்லாம் ஏற்றுக்கொண்டு எவருக்கும் கையளிக்காத ஒரு பொய் அஞ்சலகம் பயன்படுத்தப்படுகின்றது. மனிதர் அதைத் திறந்து மடலைக் கண்ணாற் பார்க்கலாம்.

இப்படி எளிதாகத் தோன்றினும் அற்பமானதன்று. ஓர் எடுத்துக்காட்டு இதனை விளக்கும். பன்னாட்டு எச்சரிக்கைச் செய்திகள் உலகப் பொது நேரத்தைக் கையாளுகின்றன. அதனை உள்ளூர் நேரமாக மாற்றுவது வார்ப்பின் வேலை. இலங்கையின் நேரம் 1996இல் இருமுறை மாற்றப்பட்டது. அவ்வாண்டின் இறுதி தொட்டு உலகப் பொது நேரத்திலிருந்து ஆறு மணித்தியாலம் முன்னதாக நின்றது; 2006 ஏப்ரலில் மீண்டும் ஐந்தரை மணித்தியாலமாயிற்று. ஆறு என்ற எண்ணை நேரடியாக வார்ப்பில் எழுதிவைத்த ஒரு செயலி, 2006 ஏப்ரலின் பின் அலை வரும் நேரத்தை அரை மணித்தியாலம் பிந்தியதாக அறிவித்திருக்கும். சோதனை நிரலும் அதே எண்ணையே எதிர்பார்க்குமாறு எழுதப்பட்டிருப்பின், பிழையும் சோதனையும் ஒன்றையொன்று ஆமோதிக்கும். எனவே, சோதனையில் எதிர்பார்க்கப்படும் விடையைச் செயலியின் கணக்கிலிருந்து எடுத்தலாகாது. வெளியுலகிலிருந்து, அதாவது சுவரிலுள்ள மணிக்கூட்டிலிருந்து எடுத்தல் வேண்டும்.

3. இரண்டாம் படி: ஒப்படைப்பு

உருவான மடல் 'எளிய அஞ்சற் பரிமாற்ற நெறிமுறை' என்னும் ஒழுங்கின்படி பயணஞ் செய்கின்றது. ஜொனதன் பொஸ்டல் 1982இல் வரைந்த இந்நெறிமுறை, அஞ்சலகத்துக்கு அஞ்சலகம் மூட்டையை மாற்றும் பழைய முறையை ஒத்தது. ஒரு சேவையகம் மற்றொன்றைத் தொடர்புகொண்டு அனுப்புநர், பெறுநர், உடல் என்பவற்றை ஒப்புவிக்கின்றது. ஏற்பவர் 250 என்னும் எண்ணை விடையாகத் தருகின்றார். செயலியின் பதிவேட்டில் 'அனுப்பப்பட்டது' என்று எழுதப்படுவது இந்நிலையிலேதான்.

250 என்பதன் பொருளை நுணுகி நோக்குதல் வேண்டும். அடுத்த சேவையகம் பொறுப்பை ஏற்றது என்பதே அதன் பொருள். அதற்குமேல் அது எதனையும் சொல்வதில்லை. ஏற்ற சேவையகம் மடலை மற்றொன்றுக்கு மாற்றலாம், வரிசையில் வைத்திருக்கலாம், எரிதங்களை வடிகட்டும் பொறிமுறை அதை ஒருவரும் திறக்காத பெட்டியிற் போடலாம். அனுப்பிய களப்பெயருக்கு அச்சேவையகத்திலிருந்து அனுப்பும் உரிமையுண்டா என்று சோதிக்கும் பதிவுகள் சரியாக இல்லாவிடின், மெய்யான மடலும் போலியாகக் கருதப்படும். இவற்றிற் பல அனுப்புநருக்குத் தெரியாமலே நிகழ்வன.

காலத் தாமதம் இன்னும் முக்கியமானது. பெறும் சேவையகம் தற்காலிகமாக மறுக்குமாயின், அனுப்பும் சேவையகம் மடலை வரிசையில் வைத்து மீண்டும் முயலவேண்டும். ஒரு முயற்சிக்கும் அடுத்ததற்கும் இடையே பொதுவாகக் குறைந்தது 30 நிமிடம் விடுமாறும், முயற்சியைக் கைவிடுமுன் குறைந்தது நான்கைந்து நாள்கள் காத்திருக்குமாறும் இன்றைய நெறிமுறை ஆவணம் அறிவுறுத்துகின்றது. வணிகக் கடிதத்துக்கு இது விவேகமான ஏற்பாடே. ஆனால் 2004இல் இரண்டாவது அறிவித்தலுக்கும் கிழக்குக் கரையில் அலை மோதியதற்கும் இடைப்பட்டது ஏறத்தாழ அந்த 30 நிமிடமே. ஒரே ஒரு தற்காலிக மறுப்பு அவகாசம் முழுவதையும் விழுங்கிவிடும். நான்காம் நாள் வந்துசேரும் எச்சரிக்கை, நெறிமுறையின் பார்வையில் வெற்றிகரமான ஒப்படைப்பாகவே பதிவாகும்.

ஆகவே ஒப்படைப்பைச் சோதிப்பவர் 'சென்றதா' என்று கேட்பதோடு 'எத்தனை மணித்துளியிற் சென்றது' என்றும் கேட்டல் வேண்டும். அனுப்பிய நேரமும் பெற்ற நேரமும் இரு முனைகளிலும் தனித்தனியே குறிக்கப்பட்டு ஒப்பிடப்படவேண்டும். மடல்கள் வரிசை மாறி வருவதும் உண்டு. எச்சரிக்கையை இரத்துச் செய்யும் மடல் முதலிலும் எச்சரிக்கை பின்னரும் வரக்கூடும். அறிவித்தலின் தொடரெண்ணும் வெளியிட்ட நேரமும் ஒவ்வொரு மடலிலும் தெளிவாக இருக்கின்றனவா என்பது அதனாலேயே சோதிக்கத்தக்கதாகின்றது.

4. மூன்றாம் படி: எழுத்தும் மொழியும்

மின்னஞ்சல் ஆங்கில எழுத்துகளை மட்டும் மனங்கொண்டு பிறந்தது. ஏனைய மொழிகளின் எழுத்துகளை உடலிலும் தலைப்பிலும் ஏற்றிச் செல்லும் ஒழுங்குகள் 1992 தொடக்கமே வகுக்கப்பட்டன. யூனிகோட் 1991இல் தமிழை உள்ளடக்கிய போதிலும், ஈழத்துக் கணினிகளில் பாமினி முதலிய எழுத்துருக் குறியாக்கங்கள் நீண்டகாலம் கோலோச்சின. அவற்றில் எழுதிய மடல், அதே எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கூட்டமாகத் தோன்றிற்று. இன்று யூனிகோட் பரவிவிட்டது. எனினும் குறியாக்கம் தவறாக அறிவிக்கப்பட்ட மடலில் தமிழ் எழுத்துகள் வினாக்குறிகளாக மாறுவதை நாம் இன்றும் காண்கின்றோம். 'திருகோணமலை' என்ற சொல் நமக்கு ஆறு எழுத்து. யூனிகோட்டுக்குப் பத்துக் குறிகள். மடலிற் செல்லும்போது முப்பது பைற்றுகள். அனுப்பும் வழியில் எங்கேனும் முப்பதை நடுவில் வெட்டினால் சொல் சிதையும். 'பெயர்: டெஸ்ட்' என ஆங்கில எழுத்தில் இட்டுச் செய்யும் சோதனை இதனை ஒருபோதும் காட்டாது.

மின்னஞ்சலுடன் இணைந்தே அனுப்பப்படும் குறுஞ்செய்தியில் இவ்வேறுபாடு அப்பட்டமாகத் தெரியும். ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 குறிகள் உண்டு. தமிழுக்கும் சிங்களத்துக்கும் 70 மட்டுமே. 'சுனாமி எச்சரிக்கை. கடற்கரையை விட்டு உடனடியாக உயர்ந்த இடத்துக்குச் செல்லுங்கள்.' என்ற இரண்டு வாக்கியங்களை எண்ணிப்பார்த்தால் இடைவெளிகளும் புள்ளிகளும் உட்பட 78 குறிகள் வரும். இச்செய்தி இரண்டாகப் பிரிந்தே செல்லும். பிரியும்போது ஒவ்வொரு துண்டுக்கும் 67 குறிகளே கிடைப்பதால், 'செல்லுங்கள்' என்ற சொல்லின் சகர மெய் முதற்றுண்டின் இறுதியிலும் எஞ்சியவை இரண்டாவதிலும் அமையும். பெரும்பாலான தொலைபேசிகள் இரு துண்டுகளையும் ஒட்டிக் காட்டும் என்பது உண்மையே. ஆயினும் வலையமைப்பு நெரிசலில் இரண்டாம் துண்டு பிந்தினால், செயலைக் கட்டளையிடும் வினைச்சொல்லே இல்லாத ஓர் எச்சரிக்கை மக்களுக்குக் கிடைக்கும்.

இவை வெறும் நுட்பக் குறைபாடுகள் எனத் தள்ளிவிடத்தக்கவை அல்ல. நுட்பம் எம்மொழியில் முதலில் வகுக்கப்படுகின்றதோ அம்மொழியில் அது பழுதின்றி இயங்குகின்றது. ஏனைய மொழிகள் பின்னர் ஒட்டப்பட்டவையாகவே நிற்கின்றன. இலங்கையில் இதற்கு அரசியல் வரலாறும் துணைசெய்கின்றது. 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியாயிற்று. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் ஆட்சிமொழியாதல் வேண்டும் என்றது. சட்டத்தில் எழுதப்பட்ட சமத்துவம் மென்பொருளின் வார்ப்பில் எழுதப்பட்டுள்ளதா என்பதைச் சோதனை ஒன்றே காட்டும். மூன்று மொழி வார்ப்புகளையும் ஒரே நேரத்தில் அனுப்பி, மூன்றும் ஒரே கணத்தில், ஒரே முழுமையுடன் வந்தடைகின்றனவா என்று அளந்தால், மொழிச் சமத்துவத்தின் நிலையை மணித்துளிகளில் எழுதிக்காட்ட முடியும். தமிழ்ப் பிரதி மொழிபெயர்ப்பாளரின் வருகைக்காகக் காத்திருக்குமாயின், அக்காத்திருப்பும் அளவில் சேர்தல் வேண்டும்.

5. சோதனையும் மெய்யும்

சோதனை மடல் தவறுதலாக மெய்யான மக்களைச் சென்றடைவது இத்துறையின் பழைய நோய். அதனைத் தவிர்க்கவே பொய் அஞ்சலகங்களும், ஒருவருக்கும் உரியதாகாதவாறு ஒதுக்கப்பட்ட எடுத்துக்காட்டுக் களப்பெயர்களும் உள்ளன. எனினும் 2018இன் முதல் இரண்டு மாதங்களில் நிகழ்ந்த இரு சம்பவங்கள் பாடமாக அமைகின்றன. ஜனவரி 13ஆம் திகதி காலை 8.07க்கு, ஏவுகணை வருகின்றது, இது ஒத்திகையன்று என்ற செய்தி ஹவாய் மக்களின் தொலைபேசிகளில் ஒலித்தது. ஓர் ஒத்திகையின்போது மெய்யான எச்சரிக்கை அனுப்பப்பட்டமையே காரணம். திருத்தச் செய்தி அதே வழியாகச் செல்ல 38 நிமிடமாயிற்று. பெப்ரவரி 6ஆம் திகதி, அமெரிக்க வானிலைச் சேவை அனுப்பிய சுனாமிச் சோதனைச் செய்தியைத் தனியார் நிறுவனமொன்றின் செயலி மெய்யான எச்சரிக்கையாக அமெரிக்கக் கிழக்குக் கரையோர மக்களுக்குக் காட்டிற்று. செய்தியின் குறியீடு எச்சரிக்கைக்கு உரியதாகவே இருந்தது என்பது அந்நிறுவனத்தின் வாதம்.

இரண்டாவது சம்பவம் சிறப்பாக நோக்கத்தக்கது. ஒரே செய்திக்கு இரு வாசகர் உள்ளனர். மனிதர் உடலைப் படிக்கின்றனர். இயந்திரம் தலைப்பகுதியிலுள்ள குறியீட்டைப் படிக்கின்றது. இருவரும் ஒரே பொருளைப் பெறுகின்றனரா என்பதும் சோதனைக்கு உரியது. முதலாவது சம்பவம் வேறொன்றைக் கற்பிக்கின்றது. எச்சரிக்கையைச் சோதித்தால் மட்டும் போதாது. தவறான எச்சரிக்கையைத் திரும்பப் பெறும் வழியையும் அதேயளவு கவனத்துடன் சோதிக்க வேண்டும். பொய்யெச்சரிக்கையால் நம்பிக்கை இழந்த மக்களிடம் மறுமுறை மெய்யும் எடுபடாது.

6. நான்காம் படி: பெறுநர்

2004இன் பின் நிலைமை மாறிற்று என்பதை மறுத்தலாகாது. யுனெஸ்கோவின் அரசுகளிடைச் சமுத்திரவியல் ஆணைக்குழுவின் கீழ் இந்துமா கடலுக்கென ஓர் எச்சரிக்கை ஒழுங்கு அமைந்தது. 2011 ஒக்டோபர் தொடக்கம் அவுஸ்திரேலியா, இந்தியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளின் நிலையங்கள் செய்தி வழங்கிவருகின்றன. இலங்கையில் வளிமண்டலவியல் திணைக்களம் அச்செய்தியைப் பெறுகின்றது. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின் வழிவந்த அனர்த்த முகாமைத்துவ நிலையம் அதை மாவட்டங்களுக்குக் கொண்டுசெல்கின்றது. திருகோணமலையில் கடல்மட்ட அளவி ஒன்றும் உண்டு. மின்னஞ்சல், தொலைநகல், குறுஞ்செய்தி, உலக வானிலைத் தொலைத்தொடர்பு வலை என ஒரே செய்தி பல வழிகளிற் செல்கின்றது. ஆண்டுக்கு இருமுறை தொடர்புச் சோதனை நடைபெறுகின்றது. பெறும் நாடுகள் எவ்வழியில் எந்நேரத்திற் கிடைத்தது என்று திருப்பி அறிவிக்கின்றன. பழைய தூதின் மாலை இங்கு மீண்டும் வந்துவிட்டது எனலாம். 2009 தொடக்கம் 'ஐஓவேவ்' என்னும் பெயரில் கடல்தழுவிய ஒத்திகைகளும் நடந்துள்ளன. 2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் நடுங்கியபோது, எச்சரிக்கை இலங்கைக் கரையோரத்தை அடைந்தது. மக்கள் உயர்நிலம் நோக்கி வெளியேறினர். பேரலை வரவில்லை. அன்று நிகழ்ந்தது எவரும் திட்டமிடாத ஒரு முழுச் சோதனை.

ஆயினும் மாலை எவர் கையிலிருந்து வருகின்றது என்ற கேள்வி எஞ்சுகின்றது. தொடர்புச் சோதனையில் விடையளிப்பது தலைநகரிலுள்ள நிலையம். அதற்கப்பால் மாவட்டச் செயலகம், பிரதேச செயலகம், கிராம அலுவலர், கடற்றொழிலாளர் சங்கம் எனச் சங்கிலி நீள்கின்றது. திருகோணமலை மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ளன. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 380,000 மக்கள் வாழ்ந்தனர். சங்கிலியின் நீளத்தை அளக்காத சோதனை அதன் முதற்கண்ணியை மட்டுமே அளக்கின்றது.

கரையோரத்தின் உற்பத்தி உறவுகளை நோக்கினால் இது மேலும் தெளிவாகும். கரைவலைத் தொழிலில் வலைக்கும் தோணிக்கும் உரிமையாளர் சம்மாட்டி; வலையை இழுப்போர் கூலிக்கோ பங்குக்கோ உழைப்பவர். முகவரிப் பட்டியலிற் பதிவாவது பெரும்பாலும் உடைமையாளரின் பெயரும் எண்ணுமே. அலையின் முன் முதலில் நிற்பவர் வலையை இழுப்பவர். அவருடைய தொலைபேசி வாடியில் சட்டைப்பையில் இருக்கும். பருவத்துக்குப் பருவம் மேற்குக் கரையின் நீர்கொழும்பு, சிலாபம் பகுதிகளிலிருந்து கிழக்குக் கரைக்கு வந்து வாடியமைக்கும் சிங்கள மீனவரும் உளர். அவர்கள் நிரந்தர முகவரியால் வேறு மாவட்டத்தவர். அவர்களுக்குத் தமிழ்ச் செய்தி மட்டும் போதாது. மூதூர் மீனவருக்குச் சிங்களச் செய்தி மட்டும் போதாததைப் போன்றதே அது. உழைப்பாளரின் மொழியுரிமைகள் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்பதற்குக் கடற்கரையினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

துறைமுகத்தின் வரலாறும் இங்கு நினைவுகூரத்தக்கது. 1942 ஏப்ரல் 8ஆம் திகதி யப்பானியக் கடற்படை நெருங்குவதை உளவு விமானத்தின் செய்தி அறிவித்தது. அன்றிரவே திருகோணமலைத் துறைமுகத்திலிருந்த கப்பல்கள் வெளியேற்றப்பட்டன. மறுநாட் காலை குண்டுவீச்சு நிகழ்ந்தது. வெளியேறியவற்றுட் சில பின்னர் கடலில் மூழ்கடிக்கப்பட்டன என்பது வேறு கதை. செய்தி அன்று உரிய இடத்தை உரிய நேரத்தில் அடைந்தது. 1957 வரை பிரித்தானியக் கடற்படை வைத்திருந்த இத்துறைமுகத்துக்குச் செய்தித்தொடர்பு என்பது என்றுமே பற்றாக்குறையாய் இருந்ததில்லை. கப்பலுக்கு இருந்த தொடர்பு தோணிக்கு இருக்கவில்லை என்பதே வேறுபாடு. அறுபத்திரண்டு ஆண்டுகளின் பின் அதே கரையில் செய்தி வராதிருந்தமைக்கு அறிவியலின் இயலாமையை மட்டும் காரணங்காட்ட முடியாது. எவருடைய இழப்பு இழப்பாகக் கணிக்கப்படுகின்றதோ அவருக்கே தொடர்புவழி முதலில் அமைக்கப்படுகின்றது.

நாளும் நேரமும் பற்றியும் ஒரு குறிப்பு அவசியம். 2011 ஒக்டோபர் 12, 2018 செப்டெம்பர் 5 ஆகிய ஒத்திகை நாள்கள் இரண்டும் புதன்கிழமைகள். முன்கூட்டி அறிவித்து வாரநாளில் நடத்தப்படும் ஒத்திகைக்கு அதற்குரிய பயனுண்டு. 2004இன் அலையோ பூரணை ஞாயிறில் வந்தது. கதிரை வெறுமையாக இருக்கும் நாளில் மடலைத் திறப்பவர் யார் என்பதை வாரநாட் சோதனை சொல்லாது. ஆண்டில் ஒருமுறையேனும் விடுமுறை நாளில், அதிகாரிகளுக்கு முன்னறிவித்தலின்றி, பொதுமக்களுக்கு 'சோதனை' என்று தெளிவாகக் கூறி நடத்தப்படும் தொடர்புச் சோதனை இக்குறையை நீக்கும்.

7. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, மின்னஞ்சற் சோதனை ஐந்து வினாக்களாக விரிகின்றது. செய்தி சரியாக உருவாயிற்றா? உரிய முகவரிகள் பட்டியலில் உள்ளனவா? பயனுள்ள காலத்துக்குள் சென்றதா? பெறுநரின் மொழியில் சிதையாமல் வந்ததா? பெற்றவர் அதன்படி செயற்பட முடிந்ததா? முதலாவது வினாவுக்கு விடை காண இயந்திரமே போதும். ஆதலின் அது நாளுக்குப் பலமுறை கேட்கப்படுகின்றது. பின்னர் வரும் வினாக்களுக்கு மனிதரும் பயணமும் பணமும் தேவை. அவை எவ்வளவுக்கு அலைவாய்க் கரையை நெருங்குகின்றனவோ அவ்வளவுக்கு அரிதாகவே கேட்கப்படுகின்றன. சோதனையின் செலவை ஏற்பவர் அனுப்புநர். சோதிக்காமையின் செலவை ஏற்பவர் பெறுநர். இம்முரண்பாடே சிக்கலின் வேர்.

இதிலிருந்து நடைமுறைக்குரிய ஒரு முடிவு பிறக்கின்றது. சோதனையின் பெறுபேற்றுத் தாளை எழுதும் அதிகாரம் பெறுநர் கைக்கு மாறுதல் வேண்டும். கிண்ணியாவிலும் மூதூரிலும் குச்சவெளியிலும் உள்ள கடற்றொழிலாளர் சங்கங்கள், ஒவ்வொரு சோதனையின் பின்னும் செய்தி எந்நேரத்தில், எம்மொழியில், யார் மூலம் கிடைத்தது என்பதைத் தாமே பதிந்து வெளியிடுமாயின், அனுப்புநரின் பதிவேட்டிலுள்ள 'அனுப்பப்பட்டது' என்ற சொல்லுக்கு நேரே மக்களின் கையெழுத்தில் இன்னொரு நேரம் நிற்கும். இரு நேரங்களுக்கும் இடையிலுள்ள நிமிடங்களே அடுத்த திருத்தத்துக்கான வேலைத்திட்டமாகும். கணினித் துறையில் பணியாற்றும் நம் மாணவர்கள் அத்தாளை வடிவமைக்கலாம். மொழித்துறையினர் 70 குறிகளுள் அடங்கும் தமிழ்ச் செய்திகளை முன்கூட்டியே எழுதி, மீனவரிடம் படித்துக்காட்டித் திருத்தலாம். பல்கலைக்கழகம் கரையோரத்துக்குச் செய்யக்கூடிய இப்பணிக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. அடுத்த தொடர்புச் சோதனைக்கு முன் அதைத் தொடங்கிவிட முடியும்.